கரும்பருக்கையிற் கண்ட கதிர்: தோரியனைற்று கண்டறியப்பட்ட வரலாறு

இலங்கையின் பெயரைக் கேட்டவுடன் உலகத்தார்க்கு நினைவுக்கு வருவன தேயிலையும் இரத்தினக்கற்களுமே. அவற்றுக்கு முன்னர்க் கறுவாவும் முத்தும் இத்தீவின் புகழைக் கடல் கடந்து கொண்டு சென்றன. ஆயின், அணுவின் இயல்பை மனிதன் அறிந்துகொண்ட வரலாற்றிலும் இந்நாட்டு மண்ணுக்கு ஓர் இடமுண்டு என்பதை நம்மிற் பலர் நினைப்பதில்லை. அந்த இடத்தை நமக்குப் பெற்றுத்தந்தது நீலக்கல்லன்று, பதுமராகமுமன்று. இரத்தினம் அரிப்போரின் கூடையின் அடியிலே தங்கும் ஒரு சிறிய கரும்பருக்கையே அது. அதன் பெயர் தோரியனைற்று.

நிலத்துள் மறைந்து கிடக்கும் யுரேனியம், தோரியம் முதலிய மூலகங்களை மனிதன் எவ்வாறு தேடினான்? அத்தேட்டத்திலே கண்ணுக்குரிய பங்கு யாது? கருவிக்குரிய பங்கு யாது? இவ்வினாக்களுக்கு விடைகாண இக்கரும்பருக்கையின் கதையே நல்ல வழிகாட்டியாகும். ஆதலின் அதனையே இன்று நேயர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றேன்.

யுரேனியம் என்னும் மூலகம் 1789ஆம் ஆண்டிலேயே அறியப்பட்டுவிட்டது. பேர்லின் நகரத்து இரசாயன அறிஞர் கிளாப்ரோத் என்பார், சக்சனி நாட்டுச் சுரங்கமொன்றிலிருந்து வந்த பிச்சுபிளெண்டு என்னும் கரிய தாதுவை ஆராய்ந்து அதனைக் கண்டார். எட்டாண்டுகளுக்கு முன்னர் வானிலே கண்டறியப்பட்டிருந்த யுரேனசுக் கோளின் பெயரையே அதற்கு இட்டார். தோரியத்தை 1829ஆம் ஆண்டிலே சுவீடன் நாட்டுப் பேரறிஞர் பேர்சேலியசு, நோர்வேயிலிருந்து கிடைத்த கல்லொன்றில் இனங்கண்டார். எனினும், நெடுங்காலம் இவ்விரண்டும் பெரும் பயனற்ற பொருள்களாகவே கருதப்பட்டன. கண்ணாடிக்கும் மட்பாண்டத்துக்கும் மஞ்சளும் பச்சையுமான நிறமூட்டவே யுரேனியம் உதவிற்று.

1896ஆம் ஆண்டில் நிலைமை மாறிற்று. யுரேனிய உப்புக்கள் கண்ணுக்குப் புலப்படாத கதிர்களை இடையறாது வெளிவிடுகின்றன என்பதைப் பாரிசு நகரிலே பெக்கரல் கண்டார். இரண்டாண்டுகளின் பின்னர், 1898ஆம் ஆண்டில், மேரி கியூரி அம்மையார் ஒரு புதுமுறையைக் கையாண்டார். தம் கணவர் பியேர் கியூரி அமைத்த நுண்ணிய மின்னளவைக் கருவியின் துணைகொண்டு, கிடைத்த கனிப்பொருள் ஒவ்வொன்றையும் அவர் வரிசையாகச் சோதித்தார். கதிர் பட்ட காற்று மின்னைக் கடத்தும். அம்மின்னின் அளவு கதிரின் வலிமையைக் காட்டும். இம்முறையால் தோரியமும் கதிர் வீசுவது என்பது தெரியவந்தது. அதனினும் வியப்பானது வேறொன்று. பிச்சுபிளெண்டு, தன்னிடமுள்ள யுரேனியத்தின் அளவுக்கு ஏற்ற கதிரிலும் மிகுதியான கதிரை வீசிற்று. அவ்வாறாயின், அதனுள் இன்னும் அறியப்படாத மூலகம் இருத்தல் வேண்டும் என்று அம்மையார் துணிந்தார். பொலோனியமும் இரேடியமும் அவ்வாண்டிலேயே அறிவிக்கப்பட்டன.

மலையிலும் காட்டிலும் அன்றி, அலமாரியிலே அடுக்கிவைத்த கற்களின் நடுவே நிகழ்ந்த இவ்வாராய்ச்சியையே கதிர் அளந்து கனிப்பொருள் தேடும் முறையின் தொடக்கம் எனல் பொருந்தும். கல்லின் நிறத்தையோ எடையையோ பாராமல், அது வெளிவிடும் கதிரைக்கொண்டே அதன் உள்ளீட்டை அறியலாம் என்பதை முதன்முதலாக மெய்ப்பித்தது அதுவே.

அக்காலத்திலே தோரியத்துக்குச் சந்தையில் திடீரென்று மதிப்பு ஏற்பட்டிருந்தது. அதற்குக் காரணம் விளக்கு. ஒசுத்திரிய அறிஞர் அவுவர் வொன் வெல்ஸ்பாக் என்பார், எரிவாயுச் சுவாலையின்மேல் மாட்டும் வலையுறை ஒன்றை ஆக்கியிருந்தார். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தோரியம் ஒட்சைட்டும் ஒரு பங்கு சீரியம் ஒட்சைட்டும் கொண்ட அவ்வலை, சுவாலையிற் சூடேறி வெண்ணொளி வீசிற்று. நம் ஊர்களிலே திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் பெற்றோமாக்சு விளக்கு எரிந்த காலத்தை அறிந்தோர், "மென்டில்" என்று நாம் அழைத்த அந்த வலையையும் அறிவர். ஐரோப்பிய நகரங்களின் தெருக்களெல்லாம் அவ்வொளியை நாடின. தோரியம் தரும் மொனசைற்று மணல் பெரும்பாலும் பிரேசில் நாட்டிலிருந்தே வந்தது. அவ்வாணிகம் செருமானிய நிறுவனங்களின் கையிலிருந்தது. ஆகவே, தன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளில் வேறெங்கேனும் தோரியம் உண்டோ என்று பிரித்தானியா தேடலாயிற்று.

இச்சூழ்நிலையிலேதான், 1903ஆம் ஆண்டில், இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுக்கு ஆனந்த குமாரசுவாமி பொறுப்பேற்றார். பிற்காலத்திலே கலாயோகி என்று நாம் போற்றும் அப்பெரியார் கொழும்பிலே 1877ஆம் ஆண்டு பிறந்தவர். தமிழ்ப் பெருமகனாராகிய சேர் முத்துக்குமாரசுவாமிக்கும் ஆங்கிலப் பெண்மணியான எலிசபெத்து அம்மையாருக்கும் புதல்வர். இரண்டு வயதிலே தந்தையை இழந்து, இங்கிலாந்திலே தாயாரின் பேணலில் வளர்ந்தார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலே புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்று 1900ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார். அவரைக் கலைப் பேரறிஞராக மட்டுமே அறிந்த நம்மவர்க்கு, அவருடைய முதல் தொழில் கல்லையும் மண்ணையும் ஆராய்வதே என்னும் செய்தி வியப்பளிக்கலாம்.

அவர் பணியாற்றிய முறை எளியது. ஆனால் உடல் வருத்தம் மிக்கது. ஆறுகளின் வழியாகவும் மலைச்சரிவுகளின் வழியாகவும் நடத்தல், பாறையை உடைத்து நோக்குதல், ஆற்றுமணலை அரித்து அடியில் தங்குவதை ஆராய்தல் ஆகியனவே அன்றைய ஆய்வாளரின் வழிகள். சம்மட்டியும் உருப்பெருக்குக் கண்ணாடியும் அரிகூடையுமே அன்றைய கருவிகள். இலங்கையிலே இம்முறைக்கு ஒரு வாய்ப்பான துணை இருந்தது. சப்பிரகமுவ மாகாணத்திலே இரத்தினம் தோண்டுவோர், மண்ணுக்கடியிற் கிடக்கும் சரளைப் படையை "இல்லம்" என்று வழங்குவர். மலைப்பாறைகள் யுகக்கணக்காகச் சிதைந்து, இலேசானவை நீரோடு செல்ல, பாரமானவையும் கடினமானவையும் தங்கிச் சேர்ந்த படையே அது. இயற்கையே அரித்துச் சேர்த்துவைத்த களஞ்சியம் என்று அதனைக் கூறலாம். ஆதலால், இல்லத்தை ஆராய்வோன் மேலேயுள்ள மலை முழுவதையும் ஒருவாறு ஆராய்ந்தவனாகின்றான்.

குமாரசுவாமி வெறும் தொகுப்பாளராக நிற்கவில்லை. இலண்டனைச் சேர்ந்த பிரையர் என்பாரோடு கூடி, செரண்டிபைற்று என்னும் புதிய கனிப்பொருளொன்றை 1903ஆம் ஆண்டில் உலகுக்கு அறிமுகஞ் செய்தார். இலங்கையின் பழம்பெயராகிய செரண்டிப்பு அதிலே நிலைபெற்றது. அடுத்த ஆண்டில், அதாவது 1904ஆம் ஆண்டில், பலாங்கொடைப் பகுதியின் சரளையிலிருந்து கிடைத்த கரிய, பாரமான, கனசதுர வடிவுள்ள சிறு பருக்கைகளை அவர் விவரித்தார். நீரால் உருண்டு முனை மழுங்கிய அவை, பெரும்பாலும் ஒன்றரைச் சதமமீற்றருக்கு உட்பட்டனவாகவே இருந்தன. நீரைப்போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு பாரமுள்ளவை அவை. நீலக்கல் நீரைப்போல் நான்கு மடங்கே பாரமுடையது என்பதை ஒப்புநோக்கின், அரிகூடையின் அடியில் அவை தங்கியதன் காரணம் விளங்கும்.

அப்பருக்கைகளை யுரேனினைற்று என்று குமாரசுவாமி முதலிற் கருதினார். யுரேனியம் ஒட்சைட்டாலான யுரேனினைற்றும் கரியது, பாரமானது, கனசதுர வடிவினது. கண்ணால் மட்டும் நோக்குவோர்க்கு இரண்டையும் பிரித்தறிதல் மிகவும் அரிது. மாதிரிகள் இலண்டனிலுள்ள பேரரசு நிறுவகத்துக்கு அனுப்பப்பட்டன. அங்கே பேராசிரியர் டன்ஸ்டன் அவற்றைப் பகுத்து நோக்கியபோது, நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேலாகத் தோரியம் ஒட்சைட்டே காணப்பட்டது. யுரேனியம் ஒட்சைட்டும் கணிசமாக இருந்தது. சீரியம் முதலிய அருமண் மூலகங்களும் உடனிருந்தன. இது முன்னர் அறியப்படாத புதிய கனிப்பொருள் என்று அறிந்த டன்ஸ்டன், தோரியத்தின் மிகுதி நோக்கி அதற்குத் தோரியனைற்று என்று பெயரிட்டார்.

இங்கே சிறிது நின்று சிந்தித்தல் நன்று. யுரேனியமும் தோரியமும் உருவில் ஒத்த கனிப்பொருள்களைத் தருவனவாயினும், நீரின் முன்னே அவை வெவ்வேறு குணமுடையன. காற்றும் நீரும் கலந்து தாக்கும்போது யுரேனியம் மேலும் ஒட்சியேற்றமடைந்து நீரிற் கரையும் நிலையை எய்துகின்றது. தோரியத்துக்கு அவ்வியல்பு இல்லை. அது கரையாது நிற்கும். ஆதலின், மழை மிகுந்த நாட்டிலே, ஓடும் ஆற்றின் சரளையிலே, நெடுங்காலம் அழியாது கிடந்த ஒரு பருக்கை பெரும்பாலும் தோரியஞ் சார்ந்ததாகவே இருக்கும். கண்ணுக்கும் தெரியாத வேற்றுமையை அப்பருக்கை கிடந்த இடம் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த மொழியை முற்றும் அறிவதற்கு வேண்டிய இரசாயன அறிவு பின்னரே முதிர்ந்தது. கனிப்பொருளை ஆராயும்போது அது கிடந்த நிலத்தையும் சேர்த்தே ஆராய்தல் வேண்டும் என்னும் பாடத்தை இது நமக்குத் தருகின்றது.

தோரியனைற்று விளக்குத் தொழிலுக்கென்றே கப்பலேறிற்று. ஆயின், அதன் உண்மையான பயன் ஆராய்ச்சிச் சாலைகளிலே விளைந்தது. குமாரசுவாமி கற்ற அதே இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலே சேர் வில்லியம் இராம்சே என்னும் பேரறிஞர் இருந்தார். 1904ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே ஒட்டோ ஹான் என்னும் செருமானிய இளைஞர் அவரிடம் வந்து சேர்ந்தார். இரசாயனத் தொழிற்சாலையொன்றிலே வேலை பெறுவதற்கு ஆங்கிலம் பயிலவேண்டியிருந்ததாலேயே அவர் இலண்டனுக்கு வந்தார். கதிர்த்தொழிற்பாட்டைப்பற்றி அவர் முன்னர் ஆராய்ந்ததில்லை. இலங்கைத் தோரியனைற்றிலிருந்து எடுக்கப்பட்ட பேரியம் உப்பை அவரிடங் கொடுத்து, அதிலுள்ள இரேடியத்தைப் பிரித்தெடுக்குமாறு இராம்சே பணித்தார். ஹான் அவ்வாறு செய்யும்போது எதிர்பாராத ஒன்று தோன்றிற்று. இரேடியத்துக்கு உரியதல்லாத ஒரு வாயு அதிலிருந்து வெளிவந்தது. ஒரு நிமிடத்துக்குள் வலிமை பாதியாகக் குறையும் அவ்வாயு தோரியத்துக்கு உரியது. அதனைத் தரும் பொருளோ தோரியத்தைவிடப் பல மடங்கு வலிமையான கதிர் வீசுவதாயிருந்தது. 1905ஆம் ஆண்டில் அப்பொருளை இரேடியோதோரியம் என்னும் பெயரால் ஹான் அறிவித்தார்.

தொழிற்சாலை வேலையை நாடி வந்தவர் அந்த வேலைக்குச் செல்லவில்லை. இராம்சேயின் ஊக்கத்தால் கதிர்த்தொழிற்பாட்டு ஆராய்ச்சியையே வாழ்க்கைப் பணியாகக் கொண்டார். கனடாவிலே ரதபோட்டிடம் பயின்று, பின்னர்ப் பேர்லினுக்குத் திரும்பினார். அவரும் ஸ்ட்ராஸ்மன் என்பாரும் 1938ஆம் ஆண்டின் இறுதியிலே யுரேனிய அணுக்கரு பிளவுறுவதற்கான இரசாயனச் சான்றைக் கண்டனர். லீசு மைட்னர் அம்மையாரும் ஃபிரிஷ் என்பாரும் அதன் பௌதிக விளக்கத்தை 1939ஆம் ஆண்டில் அளித்தனர். ஹான் 1905ஆம் ஆண்டிலே வேறொரு கல்லை ஆராய்ந்திருப்பினும் இவையெல்லாம் நிகழ்ந்திருக்கலாம். ஆயினும், நிகழ்ந்த வரலாற்றிலே அவரை அவ்வழியில் திருப்பியது பலாங்கொடை மண்ணின் கருங்கல்லே.

இராம்சே முதன்முதலாகப் பூமியிலே கண்டறிந்த ஈலியம் என்னும் வாயுவும் தோரியனைற்றிலே மிகுந்திருந்தது. கல் தன் கனவளவைப்போற் பல மடங்கான ஈலியத்தைத் தன்னுள் அடைத்துவைத்திருந்தது. கதிர் வீசுகின்ற மூலகங்கள் மெல்லமெல்ல ஈலியத்தைப் பிறப்பிக்கின்றன. ஓராண்டிலே எவ்வளவு பிறக்கும் என்று தெரிந்தால், கல்லிலே சேர்ந்துள்ள அளவைக்கொண்டு அதன் வயதைக் கணிக்கலாம். இங்கிலாந்திலே ஸ்ட்ரட் என்பார் 1910ஆம் ஆண்டில் இலங்கைத் தோரியனைற்றைக் கரைத்து அடைத்துவைத்து, அதிற் புதிதாகப் பிறந்த மிகச் சிறிய அளவான ஈலியத்தை நேரிலேயே அளந்தார். கணித்த வயது கோடிக்கணக்கான ஆண்டுகளாக இருந்தது. ஈலியத்தின் ஒருபகுதி கல்லினின்றும் கசிந்திருக்கக்கூடுமாதலால், அது குறைந்தளவு வயதே என்றும் அவர் கொண்டார். நம் மத்திய மலைநாட்டுப் பாறைகள் பெருவெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறிய காலம் இன்றைக்கு ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கும் அதற்கு மேலும் முற்பட்டது என்பது இக்கால அறிஞர்களின் முடிபு.

மூன்றாவது பெருஞ்செய்தி ஈயத்தைப் பற்றியது. ஒரே மூலகத்துக்கு எடை வேறுபட்ட அணுக்கள் இருக்கலாம் என்று சொடி என்பார் கூறி, அவற்றுக்குச் சமதானிகள் என்று 1913ஆம் ஆண்டிற் பெயரிட்டார். அவர் கூற்று மெய்யாயின், தோரியம் சிதைந்து உண்டான ஈயம் சாதாரண ஈயத்திலும் பாரமாயிருத்தல் வேண்டும். அதனைச் சோதிப்பதற்கு அவர் தேர்ந்தெடுத்தது இலங்கையிலிருந்து பெற்ற தோரைற்று என்னும் மற்றொரு தோரியக் கல்லாகும். அதிலிருந்து பிரித்த ஈயம் சாதாரண ஈயத்திலும் பாரமானது என்று 1914ஆம் ஆண்டில் அவரும் ஹைமன் என்பாரும் காட்டினர். யுரேனியக் கற்களின் ஈயமோ சாதாரண ஈயத்திலும் இலேசாயிருந்தது. சமதானிக் கொள்கை இவ்வாறு உறுதிபெற்றது. சொடிக்கு 1921ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசும் கிடைத்தது.

இம்மூன்று ஆராய்ச்சிகளும் இலங்கை மண்ணின் பொருளைக்கொண்டு நிகழ்ந்தவை. ஆனால், ஒன்றேனும் இலங்கையில் நிகழவில்லை. கல் இங்கிருந்தது, அதனைப் பகுத்து அறியும் சாலை இங்கு இல்லை. குமாரசுவாமியே தம் ஆய்வுகளுக்காக 1906ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான கலாநிதிப் பட்டத்தைப் பெற்று, அப்பதவியினின்றும் நீங்கினார். ஊர் ஊராக நடந்த காலத்திலே, பாறைகளோடு கைவினைஞரின் வாழ்வும் அழிந்துவரும் கலைகளும் அவர் கண்ணிற் பட்டன. 1908ஆம் ஆண்டிலே வெளிவந்த மத்தியகாலச் சிங்களக் கலையைப்பற்றிய அவருடைய பெருநூல் அந்நடையின் விளைவே. பின்னர் அவர் பொசுற்றன் நகர அரும்பொருட்சாலையிற் பணிபுரிந்து, 1947ஆம் ஆண்டில் மறைந்தார்.

யுரேனியக் கரு பிளவுறும் என்பது அறியப்பட்டபின் தேட்டத்தின் தன்மையே மாறிவிட்டது. 1945ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் இரோசிமா நகரம் அழிந்தது. அதன்பின் ஒவ்வொரு நாடும் தன் நிலத்திலே யுரேனியம் உண்டோ என்று ஆராயத் தொடங்கிற்று. அதற்கு வேண்டிய கருவியும் ஆயத்தமாயிருந்தது. கைகர் என்பாரும் மியூலர் என்பாரும் 1928ஆம் ஆண்டிலே செம்மைசெய்த எண்ணியானது, கதிர் ஒவ்வொன்று புகும்போதும் ஒரு மின்துடிப்பைத் தரும். அத்துடிப்பைக் காதாற் கேட்கலாம். அக்கருவியைத் தோளிலே மாட்டிக்கொண்டு, "டிக், டிக்" என்னும் ஒலி எங்கே விரைகின்றது என்று செவிகொடுத்தபடி மலைகளிலும் பாலைநிலங்களிலும் மக்கள் அலைந்த காலம் அது.

இவ்விடத்திலே நம் நாட்டோடு தொடர்புடைய மற்றொருவரை நினைவுகூர்தல் வேண்டும். அவர் தாராஷா நொஷெர்வான் வாடியா என்னும் இந்தியப் பேரறிஞர். இந்தியப் புவிச்சரிதவியல் ஆய்வுத்துறையிலிருந்து ஓய்வுபெற்றபின், 1938ஆம் ஆண்டு முதல் 1944ஆம் ஆண்டு வரை இலங்கை அரசாங்கத்தின் கனிப்பொருளியலாளராக அவர் கடமையாற்றினார். குமாரசுவாமி ஒருகாலத்தில் நடந்த இரத்தினச் சரளை நிலங்களை வாடியாவும் ஆராய்ந்தார். இந்தியாவுக்குத் திரும்பியபின், அணுசக்திக்கு வேண்டிய கனிப்பொருள்களைத் தேடுவதற்கென 1949ஆம் ஆண்டிலே அமைக்கப்பட்ட அமைப்பை அவரே முன்னின்று நடத்தினார். 1951ஆம் ஆண்டிலே, அப்போது பீகாரைச் சேர்ந்திருந்த சிங்பூம் மாவட்டத்தின் ஜாதுகுடாவில் யுரேனியப் படிவு கண்டறியப்பட்டது. நெடுங்காலமாகச் செம்பு எடுக்கப்பட்டுவந்த நிலப்பட்டியிலேயே அது இருந்தது. எண்ணி ஒலித்தது உண்மை. ஆயின், எண்ணியை எந்த நிலத்துக்கு எடுத்துச் செல்வது என்பதைத் தீர்மானித்தது புவிச்சரிதவியலே.

தென்னிந்தியக் கடற்கரையின் கதை இதற்கு மாறானது. திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற தென்னங்கயிற்றிலே ஒட்டியிருந்த மணலில் மஞ்சள் நிறமான மணிகள் மின்னின. அவை மொனசைற்று என்று ஷொம்பேர்க் என்னும் செருமானியர் 1909ஆம் ஆண்டில் இனங்கண்டார். அம்மணல், இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள மணவாளக்குறிச்சிக் கரையிலே மிகுந்திருந்தது. எந்தக் கருவியும் இன்றி, ஒரு கயிற்றுமுறுக்கின் இடையிலே பெருஞ்செல்வமொன்று வெளிப்பட்ட விந்தை அது. அதே இனக் கனிப்பொருள் நம் நாட்டிலே பேருவளைப் பக்கத்துக் கடற்கரையிலும் உண்டு. திருகோணமலைக்கு வடக்கேயுள்ள புல்மோட்டையின் கருமணலில் இல்மனைற்றும் உரூற்றைலும் சேர்க்கனுமே மிகுதி. மொனசைற்று அவற்றோடு சிறிதளவு கலந்துள்ளது.

இனி, கதிர் அளக்கும் ஆய்வின் இயல்பையும் எல்லையையும் சுருக்கமாகக் கூறுவேன். இம்மூலகங்கள் வெளிவிடும் கதிர்களுள் அல்பாக் கதிரை ஒரு தாளே தடுத்துவிடும்; பீற்றாக் கதிரை மெல்லிய உலோகத்தகடு தடுக்கும். காமாக் கதிரே தொலைவு செல்ல வல்லது. அதுவும் காற்றிலே நூற்றுக்கணக்கான மீற்றர் செல்லுமாயினும், ஏறத்தாழ அரை மீற்றர் தடிப்புள்ள மண் அதனைப் பெரும்பாலும் அடக்கிவிடும். ஆகவே, எத்துணைச் சிறந்த கருவியும் நிலத்தின் மேற்றோலை மட்டுமே பார்க்கின்றது. ஒரு முழத்துக்கு மேற்பட்ட மண்ணின் கீழே பெரும்படிவு கிடப்பினும் கருவி மௌனமாயிருக்கலாம்.

இரண்டாவது இடர், கதிர் எதனுடையது என்பது. கைகர் எண்ணி கதிரை எண்ணுமேயன்றி அதன் இனத்தைப் பிரித்துச் சொல்லாது. தோரியம் நிறைந்த மணலிலும் யுரேனியம் நிறைந்த பாறையிலும் அது ஒன்றுபோலவே ஒலிக்கும். நம்முடையது போன்ற தோரியம் மிக்க நிலத்திலே அக்கருவியை மட்டும் நம்பி யுரேனியம் தேடுவோன் ஏமாறுவான். கண்ணினால் யுரேனினைற்றையும் தோரியனைற்றையும் மயங்கிய அதே மயக்கம், கருவியிலும் தொடர்ந்தது எனலாம். 1948ஆம் ஆண்டிலே ஹொவ்ஸ்ராட்டர் என்பார் சோடியம் அயடைட்டுப் பளிங்கைக்கொண்டு அமைத்த மினுக்கல் எண்ணியே இதற்குத் தீர்வு தந்தது. காமாக் கதிர் பட்டவுடன் பளிங்கு மினுங்கும். மினுக்கத்தின் பொலிவு கதிரின் சக்தியைக் காட்டும். தோரியத் தொடரும் யுரேனியத் தொடரும் பொற்றாசியமும் தத்தமக்குரிய சக்தியுள்ள கதிர்களை வெளிவிடுவதால், மூன்றையும் வேறுவேறாக அளத்தல் இயல்வதாயிற்று. இத்தகைய பெரும்பளிங்குகளை விமானத்தில் ஏற்றி, நிலத்துக்கு மேல் ஏறத்தாழ நூறு மீற்றர் உயரத்திலே நேர்கோடுகளாகப் பறந்து, நாடு முழுவதற்கும் படம் வரைதல் உலகெங்கும் வழக்கமாயிற்று.

எனினும், மூன்றாவது இடர் ஒன்று எஞ்சியுள்ளது. யுரேனியத்துக்குரியதாக நாம் அளக்கும் காமாக் கதிர் யுரேனியத்திலிருந்தே வருவதன்று. அது சிதைந்து, சிதைந்து, இரேடியத்துக்கும் பின்னே தோன்றும் பிசுமது என்னும் வழித்தோன்றலிலிருந்து வருகின்றது. யுரேனியம் நீரிற் கரைந்து வேறிடம் சென்றுவிட, இரேடியம் பழைய இடத்திலேயே நின்றுவிடுமாயின், கருவி வெறும் வீட்டின் முன்னே நின்று ஆரவாரஞ் செய்யும். புதிதாக யுரேனியம் படிந்த இடத்திலோ, வழித்தோன்றல்கள் இன்னும் பெருகாமையால், கருவி வாளாவிருக்கும். எந்த நீர் எவ்வழி ஓடிற்று, எப்பாறை எக்காலத்தது என்பனவற்றை அறிந்தவனுக்கே கருவியின் கூற்று பொருள்படும். ஆகவே, அளவுப்படம் வரைந்தபின்னரும் ஆய்வாளன் காலால் நடந்து, பாறையை உடைத்து, ஆற்றுமணலை அரித்தே முடிவுகாண வேண்டியவனாகின்றான்.

இத்தேட்டத்துக்கு மனிதர் கொடுத்த விலையையும் மறத்தலாகாது. சக்சனியின் ஷ்னீபேர்க் சுரங்கத் தொழிலாளரை வாட்டிய மலைநோய் நுரையீரற் புற்றே என்று 1879ஆம் ஆண்டிலேயே மருத்துவர் இருவர் அறிவித்தனர். பாறைகளினின்றும் கசிந்து சுரங்கக் காற்றிற் கலந்த இரேடன் வாயுவே அதற்குப் பெருங்காரணம் என்பது பின்னரே தெளிந்தது. மேரி கியூரி அம்மையாரும் இரத்தம் உற்பத்தியாகாத நோயால் 1934ஆம் ஆண்டில் மறைந்தார். நெடுங்காலம் கதிர்பட்டதே அதற்குக் காரணம் என்று கருதப்படுகின்றது. யுரேனியம் எங்கே உண்டு என்று கண்டறிவது வேறு. அதனைத் தோண்டியெடுத்தல் தகுமோ என்று தீர்மானிப்பது வேறு. முதலாவது விஞ்ஞானியின் கடன். இரண்டாவதை அந்நிலத்தில் வாழும் மக்களையும் கேட்டே முடிவுசெய்தல் முறையாகும். கதிர் அளக்கும் ஆய்வு இவ்விடயத்திலும் உதவுகின்றது. எங்கே தோண்டலாம் என்பதைக் காட்டும் அதே படம், எந்தக் குடிநீரையும் எந்தக் குடியிருப்பையும் காத்தல் வேண்டும் என்பதையும் காட்டும்.

இன்று நம் நாட்டிலே பல்கலைக்கழகங்கள் உள்ளன. ஆராய்ச்சிச் சாலைகள் உள்ளன. கனிப்பொருள்களை ஆராய்வதற்கென ஓர் அரச பணியகமும் உண்டு. 1904ஆம் ஆண்டிலே கடல் கடந்து சென்றால் மட்டுமே தன் பெயரை அறிந்துகொள்ளக் கூடியதாயிருந்த கல்லை, இன்று இங்கேயே பகுத்து அறியலாம். இதுவே நாம் பெற்ற முன்னேற்றம். ஆயின், ஆற்றுவழியே நடந்து, காலடியிற் கிடப்பதைக் குனிந்து எடுத்து, "இஃது என்ன?" என்று வினவிய அந்தப் பழைய பழக்கம் கருவிகளின் வரவால் குறைந்துவிடலாகாது. நம் பாடசாலை மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரின் கல்லையும் மண்ணையும் பெயர் சொல்லி அறியும் நாள் வருமாயின், கலாயோகியின் கால் பட்ட அம்மலைகளுக்கு நாம் செய்யும் நன்றி அதுவேயாகும்.